டெர்மினல்ல கலர் எப்படி வருது?

"ஸ்கிரீன்ல எரர் எல்லாம் சிவப்பா தெரியுது, அதே அவுட்புட்ட ஃபைல்ல போட்டா மட்டும் சதுர அடைப்புக்குறி, 31, எம்னு நடுநடுவுல குப்பையா வருதே, ஏன்?"னு ஒரு வாசகர் கேட்டிருந்தாரு. அது குப்பை இல்லைங்க, அதுதான் கலரே.

ப்ரோக்ராம்லேருந்து டெர்மினலுக்கு, அதாவது கமாண்ட் டைப் பண்ற அந்த எழுத்து விண்டோவுக்கு, போறது வெறும் பைட்டுதான், கலருக்குன்னு தனி ரூட் கிடையாது, அதனால கட்டளையையும் எழுத்தோட எழுத்தா சேர்த்தே அனுப்பிடுறாங்க. எஸ்கேப்ங்கிற 27-ம் நம்பர் பைட் வந்ததும் டெர்மினல் உஷாராயிடும், அதுலேருந்து எம் வர்ற வரைக்கும் எதையும் காட்டாம கலரை மட்டும் மாத்திக்கும். அதே கட்டளையில 31க்கு பதிலா 0 அனுப்பித்தான் பழைய நிலைக்குக் கொண்டு வரணும், மறந்துட்டா அடுத்து வர்றதெல்லாம் சிவப்புதான்.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது அந்த நம்பரோட கணக்கு. 30லேருந்து 37 வரைக்கும் எட்டு கலர். 30ஐ கழிச்சுட்டு மிச்சத்த பைனரில எழுதிப் பாருங்க, மூணே பிட்டு: 1 சிவப்பு, 2 பச்சை, 4 நீலம். 33ல மிச்சம் 3, அதாவது 1ம் 2ம், சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் கலந்தா மஞ்சள், அடிச்சுப் பாத்தா மஞ்சளேதான் வரும்! 35ல சிவப்பும் நீலமும் சேர்ந்து மெஜந்தா, 36ல பச்சையும் நீலமும் சேர்ந்து சயான், 37ல மூணும் எரிஞ்சு வெள்ளை, 30ல மூணும் அணைஞ்சு கருப்பு. ஸ்கூல்ல படிச்ச ஒளிக்கலவை அப்படியே இருக்கு. 40லேருந்து 47 வரைக்கும் இதே கணக்கு பின்னணி கலருக்கு. 1979ல ஆன்சிங்கிற அமெரிக்கத் தர அமைப்போட தரமா வந்தது இன்னைக்கும் ஓடுது.

சரி, ஃபைலுக்கு வருவோம். ஃபைல் எதையும் விழுங்காது, வந்ததை அப்படியே வச்சுக்கும். அதனால நல்ல ப்ரோக்ராம் கலர் போடுறதுக்கு முன்னாடி, அவுட்புட் போற இடம் டெர்மினல்தானான்னு இஸ்-ஏ-டிடிஒய்ங்கிற ஃபங்ஷன்கிட்ட கேட்டுக்கும், ஃபைலோ, இன்னொரு ப்ரோக்ராமுக்கு அனுப்புற பைப்போன்னா கலரை விட்டுடும். ஃபைல் பட்டியல் காட்டுற எல்எஸ் கமாண்டுல கலர் ஆப்ஷனுக்கு 'ஆட்டோ'ன்னு குடுத்தா நடக்குறது இதுதான், 'ஆல்வேஸ்'னு குடுத்தா கேட்காமலே கொட்டிடும், வாசகரோட ப்ரோக்ராமும் அப்படித்தான் பண்ணுதுன்னு நினைக்கிறேன். நோ-கலர்னு (NO_COLOR) ஒரு என்விரான்மென்ட் வேரியபிள், அதாவது ப்ரோக்ராமெல்லாம் படிச்சுக்கிற ஒரு பொது செட்டிங், இருக்கு, அதை செட் பண்ணிப் பாக்கலாம், மதிக்கிற ப்ரோக்ராம் நிறைய இருக்கு.

நீங்களே எழுதுறீங்கன்னா சிவப்பு பச்சையை மட்டும் நம்பாம 'எரர்', 'ஓகே'ன்னு வார்த்தையும் போடுங்க, அந்த ரெண்டு கலரையும் பிரிச்சுப் பாக்க முடியாதவங்க நிறைய பேர் இருக்காங்க.