மதம் மாறிய அன்றே கல்யாணம் முறிந்துவிடுவதில்லை

"லாயரம்மா, அவர் இஸ்லாத்துல சேர்ந்து நாலு வருஷமாச்சு. அன்னைக்கே எங்க கல்யாணம் முறிஞ்சுபோச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. அதனால நான் எதையும் கேக்கல."

போன மாதம் என் அலுவலகத்துக்கு வந்த ஒரு பெண் சொன்னது இது. இரண்டு பிள்ளைகள். இத்தனை நாளும் ஜீவனாம்சம் கேட்கவில்லை. இருவரும் சேர்ந்து கடன் கட்டிய வீட்டில் தனக்கென்ன பங்கு என்றும் கேட்கவில்லை. உங்களுக்கு இதைச் சொன்னவர்கள் யார் என்று கேட்டேன். பெரியம்மா, கோயில் கமிட்டியில் இருக்கும் ஒருவர், பக்கத்து வீட்டுக்காரர். சட்டம் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. மலேசியாவில் குடும்ப வழக்குகளை நடத்தி வரும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது.

முறியவில்லை. சிவில் சட்டப்படி பதிவான திருமணத்தை உயர்நீதிமன்றம்தான் கலைக்க முடியும். கணவரோ மனைவியோ எந்த மதத்துக்குப் போனாலும், நீதிமன்றம் கலைக்கும்வரை அந்தத் திருமணம் உயிரோடுதான் இருக்கிறது. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 51ஆம் பிரிவு இதற்காகவே எழுதப்பட்டது. ஒருவர் இஸ்லாத்தைத் தழுவினால், அதைக் காரணமாகக் காட்டி மணவிலக்குக் கேட்கலாம் என்கிறது அது. திருமணம் ஏற்கெனவே முடிந்துபோயிருந்தால் மணவிலக்கு எதற்கு? அந்த வழக்கிலேயே ஜீவனாம்சம், பிள்ளைகளின் பராமரிப்பு எல்லாவற்றுக்கும் நீதிமன்றம் உத்தரவு போடலாம்.

"அவங்க சட்டத்துல தானா முடிஞ்சிடுமாமே" என்பார்கள். அதுவும் தவறு. கோலாலம்பூர் போன்ற கூட்டரசுப் பிரதேசங்களுக்கான 1984ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டத்தின் 46ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். ஒருவர் இஸ்லாத்துக்கு மாறியதால் மட்டும் அவருடைய முந்தைய திருமணம் கலைந்துவிடாது, ஷரியா நீதிமன்றம் உறுதி செய்தால்தான் என்று அதில் தெளிவாக இருக்கிறது. இரண்டு பக்கச் சட்டமும் 'தானாக' என்று சொல்லவில்லை. ஷரியா நீதிமன்றம் அப்படி உறுதி செய்தாலும், மதம் மாறாத உங்களுடைய சிவில் உரிமைகள் அதோடு போய்விடுவதில்லை. கணவர் மதம் மாறிய இரண்டு பெண்களின் வழக்குகளில், 2007இல் சுபாஷினி வழக்கிலும் 2016இல் தீபா வழக்கிலும், நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. இன்னும் ஒன்று. முடிந்துவிட்டது என்று நம்பி நீங்கள் மறுமணம் செய்துகொண்டால், இருக்கும் திருமணத்தின் மேல் இன்னொரு திருமணம் செய்த குற்றத்துக்கு ஆளாவீர்கள். பெரியம்மா வந்து பதில் சொல்ல மாட்டார்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். 1957இல் மலாயா விடுதலை பெற்றபோது அரசமைப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு இஸ்லாத்தைக் கூட்டரசின் சமயமாக்கியது. மற்ற சமயங்களையும் அமைதியாகப் பின்பற்றலாம் என்றது. முஸ்லிம்களின் குடும்ப, வாரிசு விவகாரங்கள் மாநிலங்களின் கைக்குப் போயின. அதனால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம், ஒரு மத இலாகா. 1988இல் 121(1ஏ) பிரிவு சேர்ந்தது. ஷரியா நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்ட எதிலும் சிவில் நீதிமன்றம் தலையிட முடியாது என்பது அதன் சாரம். எல்லைத் தகராறு அங்கே தொடங்கியது. மதம் மாறியவர் அந்தப் பக்கம், மாறாதவர் இந்தப் பக்கம். முஸ்லிம் அல்லாதவர் ஷரியா நீதிமன்றத்தில் வழக்காட முடியாது. சிவில் நீதிபதியோ எனக்கு அதிகாரமில்லை என்கிறார். அந்தப் பெண் எங்கே போவாள்?

2005 டிசம்பரை நம் மக்கள் மறக்கவில்லை. 1997 எவரெஸ்ட் குழுவில் இருந்த இராணுவ வீரர் மூர்த்தி இறந்தபோது, அவர் இஸ்லாத்தைத் தழுவியிருந்தார் என்று மத இலாகா சொன்னது. மனைவிக்கு அது தெரியாது. ஷரியா நீதிமன்றம் முடிவு சொல்லிவிட்டது, நான் தலையிட முடியாது என்றது உயர்நீதிமன்றம். அவர் முஸ்லிமாக அடக்கம் செய்யப்பட்டார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் "நமக்குக் கோர்ட்டே இல்லை" என்ற பேச்சு வீட்டுக்கு வீடு பரவியது. வேதனை நியாயமானது. ஆனால் அன்றைய நிலையை இன்றும் சட்டம் என்று சொல்லிப் பெண்களை வீட்டில் உட்கார வைப்பது அநியாயம்.

பிள்ளைகள் விஷயத்தில் 2018 ஜனவரி 29ஆம் தேதியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தியின் மூன்று பிள்ளைகளை 2009இல் தந்தை தன்னந்தனியாக மதம் மாற்றியது செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தாய், தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும் என்றது. ஆனால் கைக்குழந்தையாகக் கொண்டுபோகப்பட்ட கடைசிப் பெண் தீர்ப்பு வந்த பிறகும் தாயிடம் வந்து சேரவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது. தீர்ப்பு வாங்குவது ஒன்று, அதை நிறைவேற்ற வைப்பது வேறொன்று. அதனால்தான் பிள்ளை கைமாறுவதற்கு முன்பே வாருங்கள் என்று கெஞ்சுகிறேன்.

அரசியல்வாதிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. பிள்ளைகளை ஒருதலையாக மதம் மாற்றுவதைத் தடுக்க 88ஏ என்ற பிரிவு, திருமண, மணவிலக்குச் சட்டத்தைத் திருத்தும் மசோதாவில் இருந்தது. 2017இல் அதை எடுத்துவிட்டுத்தான் சட்டத்திருத்தத்தை நிறைவேற்றினார்கள். தேர்தல் நெருங்கிய நேரம் அது. அந்தப் பிரிவு சட்டமாகியிருந்தால் ஒவ்வொரு தாயும் நீதிமன்றப் படியேறி 2018 தீர்ப்பைக் காட்ட வேண்டியிருக்காது. பெர்லிசில் நடந்த தன் பிள்ளைகளின் மதமாற்றத்தைச் செல்லாததாக்க ஒரு தனித்தாய் 2024 வரை போராடினார். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தார்.

அதே திருத்தம் நல்லதும் செய்தது, அதைச் சொல்ல ஆளில்லை. 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த 51ஏ பிரிவின்படி, மதம் மாறியவர் மணவிலக்கு ஆகும் முன்பே இறந்துவிட்டால், மணவாழ்க்கையில் சேர்ந்த சொத்தில் பங்கு கேட்டு மனைவி, பிள்ளைகள் சிவில் நீதிமன்றத்துக்குப் போகலாம். மதம் மாறியவரும் இப்போது மணவிலக்குக்கு மனுச் செய்யலாம். முன்பு அவருக்கு அந்த வழி இல்லை.

இத்தனை உரிமையும் திருமணம் பதிவாகியிருந்தால்தான். கோபமாகவே சொல்கிறேன்: கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் விருந்து வைத்துவிட்டுப் பதிவை மறக்கிறீர்களே, ஏன்? 1982 மார்ச் 1க்குப் பிறகு பதிவு இல்லாத திருமணம் சட்டத்தின் கண்ணில் திருமணமே இல்லை. நாளை கணவர் மதம் மாறினாலும் மாறாவிட்டாலும் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. தேசியப் பதிவிலாகாவுக்கு இந்த வாரமே போங்கள்.

மதம் மாற நினைக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் நம்பிக்கை உங்கள் உரிமை, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த வழக்குகளில் எனக்கு வழிகாட்டியவர்களில் பலர் ஷரியா வழக்கறிஞர்களாக இருக்கும் முஸ்லிம் நண்பர்கள்தாம். மறைக்காதீர்கள், அதுதான் நான் கேட்பது. மதமாற்றச் சான்றிதழின் ஒரு நகலை வீட்டில் கொடுங்கள். மணவிலக்கு, ஜீவனாம்சம், பிள்ளைகளின் படிப்புச் செலவு எல்லாவற்றையும் உயிரோடு இருக்கும்போதே முடித்துக் கொடுங்கள். இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணம் உங்களுக்குப் பிறகு யாருக்கு என்ற நியமனத்தை மறுபடி பாருங்கள்: முஸ்லிம் அல்லாதவர் நியமித்தால் பணம் அந்த ஆளுக்கே சேரும், முஸ்லிம் நியமித்தால் நியமிக்கப்பட்டவர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் நிர்வாகி மட்டுமே. இஸ்லாமிய வாரிசுச் சட்டத்தில் முஸ்லிம் அல்லாத பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு கிடையாது. ஆனால் சொத்தில் மூன்றில் ஒரு பங்குவரை வசியத், அதாவது உயில், எழுதி வைக்கலாம். உங்களைப் பெற்ற அம்மாவுக்காக அதையாவது செய்யுங்கள்.

அடையாள அட்டையில் தவறாக 'இஸ்லாம்' என்று இருப்பவர்களே, தயவுசெய்து ஷரியா நீதிமன்றத்துக்கு ஓடாதீர்கள். நான் ஒருபோதும் முஸ்லிமாக இருந்ததில்லை என்பது வேறு வழக்கு, இஸ்லாத்தை விட்டு விலகுகிறேன் என்பது வேறு வழக்கு. முன்னதைச் சிவில் நீதிமன்றமே விசாரிக்கலாம் என்று 2021 பிப்ரவரியில் ஒன்பது கூட்டரசு நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். அந்த வழக்கைப் போட்ட பெண்ணின் தாய் பௌத்தர், தந்தை முஸ்லிம், இருவருக்கும் திருமணம் ஆகவில்லை; அந்தப் பெண் பௌத்தராகவே வளர்ந்தார். தவறான மனுவைப் போட்டால் நீங்களே உங்களை முஸ்லிம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

பிள்ளையின் பெயரில் மதமாற்றச் சான்றிதழ் வந்திருப்பது தெரிந்தால் காத்திருக்காதீர்கள். நீதிமுறை மறுஆய்வுக்கு, அதாவது அதிகாரிகளின் முடிவை ரத்து செய்யக் கேட்கும் வழக்குக்கு, மூன்று மாதக் கெடு. சமாதானம் பேசுகிறோம் என்று சொந்தக்காரர்கள் அதில் பாதியைத் தின்றுவிடுகிறார்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் அரசின் சட்ட உதவித் துறை இருக்கிறது, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் இருக்கின்றன. வரும்போது திருமணப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், வீட்டுக் கடன் காகிதங்கள் எடுத்து வாருங்கள். கணவரின் மதமாற்றச் சான்றிதழ் உங்களிடம் இல்லையென்றால் அதற்காக வராமல் இருக்க வேண்டாம். அதைக் கேட்டு எழுதுவது எங்கள் வேலை.