பேனல் கதவைத் திறக்காமலே

மணலியில் ஒரு தொழிற்சாலை. நைட் ஷிஃப்டில் குளிர்நீர் பம்ப் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எலக்ட்ரீஷியன் ஓடிவந்து, பேனலுக்குள் இருந்து மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியான டிரைவை ரீசெட் செய்கிறார், பம்ப் ஓடுகிறது. எதனால் ட்ரிப் ஆனது? அதற்கான விடை டிரைவுக்குள்ளேயே பதிவாகியிருக்கிறது.

415 வோல்ட் மும்முனை மின்சாரத்தை வாங்கி, ஏறத்தாழ 580 வோல்ட் டிசியாக மாற்றுகிறது டிரைவ். பிறகு நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடும் சுவிட்சுகளால் அதை நறுக்கி, வேண்டிய ஹெர்ட்ஸில் மோட்டாருக்குத் தருகிறது. 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குச் சற்றுக் கீழே ஓடும் 4 துருவ மோட்டார், 40 ஹெர்ட்ஸில் 1200-ஐ ஒட்டி ஓடும். இந்த வேலைக்காகவே அது கரன்ட், டிசி வோல்டேஜ், ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி) வெப்பம் எல்லாவற்றையும் ஓயாமல் அளந்துகொண்டிருக்கிறது. கண்காணிப்புக்கென்று தனி சென்சார் பெரும்பாலும் தேவைப்படாது.

ஈதர்நெட் வசதியுள்ள பல டிரைவ்களில் ஒரு குட்டி வெப் சர்வரும் உண்டு. பிரவுசரில் டிரைவின் ஐபி முகவரியைத் தட்டினால், நினைவகத்தில் உள்ள பக்கம் வந்து திறக்கும். அதன்பின் அந்தப் பக்கம், டிரைவ் அளக்கும் எண்களை மட்டும் அடிக்கடி கேட்டு வாங்கிப் புதுப்பிக்கும்.

எண்ணூர்ப் பக்கம் உப்புக்காற்றும் தூசியும் சேர்ந்து பேனலைப் பாடாய்ப்படுத்தும். அதே லோடு, அதே வெயில். ஆனால் போன மாதம் 60 டிகிரி காட்டிய ஹீட்சிங்க் இப்போது 72 காட்டினால், கூலிங் ஃபேனையும் தூசி அடைப்பையும் உடனே பாருங்கள். ட்ரிப் ஆகும்வரை காத்திருக்க வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது, எந்தக் கோளாறால் ட்ரிப் ஆனது என்று காட்டும் ஃபால்ட் பதிவுதான். பெரிய ப்ளோயரைச் சட்டென்று நிறுத்தும்போது டிசி வோல்டேஜ் எகிறியதாகப் பதிவாகியிருந்தால், சுழல்வேகத்தில் மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறது என்று பொருள். நிறுத்தும் நேரத்தைக் கூட்ட வேண்டும், அல்லது திரும்பி வரும் மின்சாரத்தைச் சூடாக்கித் தீர்க்கும் பிரேக் ரெசிஸ்டர் பொருத்த வேண்டும். வோல்டேஜ் சரிந்ததாக இருந்தால் சப்ளையைச் சோதிக்க வேண்டும். டிரைவின் கடிகாரம் சரியாக இருப்பது முக்கியம். இல்லையென்றால் பதிவின் நேரத்தை நம்ப முடியாது.

மில்லிநொடியில் வந்து மறையும் கரன்ட் எழுச்சி அந்த பிரவுசர் பக்கத்தில் தெரியாது. அவசர நிறுத்தத்துக்கு இதை ஒருபோதும் நம்பக்கூடாது. அதற்குத் தனி வயரிங் வேண்டும். கம்பெனி போட்டுத்தந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். டிரைவை நேரடியாக இன்டர்நெட்டில் விடாதீர்கள். பார்க்கும் அனுமதி ஷிஃப்டில் இருக்கும் எல்லோருக்கும் இருக்கட்டும். செட்டிங்கை மாற்றும் அனுமதி இருவருக்கு இருந்தால் போதும்.