வயலைப் பார்க்காமல் வரும் மானியம்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆலங்கட்டி மழையில் மக்காச்சோளம் மொத்தமும் சாய்ந்துபோன விவசாயிக்கு, அரசின் வருமான உதவித் திட்டத்தில் ஒரு டாலர்கூட வராமல் போகலாம். அதே கவுன்ட்டியில் (நம்மூர் மாவட்டம் போன்ற பகுதி) அமோகமாக விளைந்தவரின் கணக்கில் வேறொரு வருடம் பணம் விழலாம். இதில் முறைகேடு எதுவும் இல்லை, கணக்குப் போடும் விதமே அப்படித்தான்.

முன்பெல்லாம் விலை ஏறினாலும் இறங்கினாலும் வருடாவருடம் ஒரு தொகை போய்க்கொண்டிருந்தது. 2014 வேளாண் சட்டம் அதை நிறுத்திவிட்டு இரண்டு திட்டங்களைக் கொண்டுவந்தது. பி.எல்.சி. என்பது விலையை மட்டும் பார்க்கும். சட்டம் சொல்லும் ஆதார விலையை விடச் சந்தை விலை குறைந்தால் வித்தியாசத்தைக் கொடுக்கும். 2016 அறுவடைக்கு மக்காச்சோளத்தின் ஆதார விலை புஷலுக்கு 3.70 டாலர், சந்தைச் சராசரி 3.36. ஆக 34 சென்ட். (ஒரு புஷல் மக்காச்சோளம் சுமார் 25 கிலோ.)

இன்னொன்று 'ஆர்க்'. இது விளைச்சலையும் விலையையும் சேர்த்து, வருமானத்தைப் பார்க்கும். கவுன்ட்டி உள்ளே வருவது இதில்தான். கடந்த ஐந்து ஆண்டுகளின் கவுன்ட்டி விளைச்சலில் அதிகமானதையும் குறைந்ததையும் தள்ளிவிட்டு, மீதி மூன்றுக்குச் சராசரி எடுப்பார்கள். விலைக்கும் இதே முறைதான். உதாரணமாக விளைச்சல் ஏக்கருக்கு 180 புஷல், விலை 4.50 டாலர் என்று வந்தால் எதிர்பார்க்கும் வருமானம் 810 டாலர். 2025-இல் திருத்திய சட்டப்படி அதில் 90 சதவீதம், அதாவது 729 டாலர், உத்தரவாதம். அந்த வருடம் கவுன்ட்டி விளைச்சல் 170, விலை 4 டாலர் என்றால் வருமானம் 680. குறைகிற 49 டாலரை அரசு தரும். துண்டு எவ்வளவு விழுந்தாலும் 810-இல் 12 சதவீதத்துக்கு மேல் கிடையாது.

ஏன் கவுன்ட்டி? தன் வயலின் விளைச்சலைக் குறைத்துக் காட்டிப் பணம் வாங்க ஒருவருக்கு ஆசை வரலாம். ஆனால் கவுன்ட்டி முழுவதன் சராசரியைத் தனி ஆளாக இறக்க முடியாது. ஒவ்வொரு வயலையும் போய் அளக்கும் செலவும் மிச்சம். ஆலங்கட்டியில் போனவருக்குத் தனியாகப் பயிர்க் காப்பீடு இருக்கிறது. அதன் பிரீமியத்தில் பெரும்பங்கை அரசே கட்டுகிறது.

எனக்கு இதைவிட விசித்திரமாகப் படுவது அடிப்படை ஏக்கர். பணம் இப்போது நிற்கும் பயிருக்கு இல்லை, அந்த நிலத்தில் பல வருடங்களுக்கு முன் என்ன பயிர் இருந்ததென்று ஏட்டில் உள்ளதோ அதற்குத்தான், அதிலும் 85 சதவீதத்துக்கு மட்டும். இன்று சோயா நின்றாலும் ஏடு மக்காச்சோளம் என்றால் மக்காச்சோளக் கணக்குதான். நட்ட பயிருக்குப் பணம் என்றால் எல்லோரும் மானியத்தைப் பார்த்தே நடுவார்கள், விலை இன்னும் சரியும். அதனால் இந்த ஏற்பாடு.

பணமும் உடனே வராது. மக்காச்சோளச் சந்தை ஆண்டு, அதாவது ஒரு அறுவடையை விற்கும் பன்னிரண்டு மாதங்கள், ஆகஸ்டில்தான் முடியும். அதற்கு முன் சராசரி விலை தெரியாது. 2025 இலையுதிர்காலத்தில் அறுத்ததற்கு 2026 அக்டோபரில்தான் பணம். அதற்குள் அடுத்த அறுவடையே தொடங்கிவிடும்.

சரி, பணம் யாருக்கு? விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு விட்ட நிலம் என்றால் சொந்தக்காரரும் உழுபவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ரொக்கக் குத்தகை என்றால் காசோலை உழுபவர் பெயரில். ஆனால் சொந்தக்காரருக்கும் இந்தக் கணக்கு தெரியும், அடுத்த முறை குத்தகை பேசும்போது அதில் ஒரு பகுதி அவர் பக்கம் போய்விடுகிறது.