“கூப்பிட்டுப் பார்த்தோம் டாக்டர், வரவில்லை”

பொங்கல் லீவு முடிந்த வாரத்தில் கால்நடை மருத்துவர்களின் போனில் தவறாமல் வரும் வாக்கியம் இது. அபார்ட்மென்ட்டிலேயே வளர்ந்த பூனையை ஊருக்குக் கூட்டிப் போயிருப்பார்கள். கொல்லைக் கதவு திறந்திருந்திருக்கும். ஒரு வெடிச் சத்தம் அல்லது தெரு நாயின் குரைப்பு, பூனை ஒரே ஓட்டம். நான்கு பேர் தெருவெல்லாம் பெயர் சொல்லிக் கத்திவிட்டு, ‘இந்தப் பக்கம் இல்லை’ என்று முடிவு கட்டிக் கிளம்பிவிடுவார்கள். பூனை அதே வீட்டு விறகு அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்.

எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் யார் மனதிலும் ஏறுவதில்லை. கூப்பிட்டால் வரவில்லை என்பதற்காகப் பூனை அங்கே இல்லை என்று நினைக்காதீர்கள். எலிக்குப் புலி என்றாலும், நாய்க்கு முன்னால் பூனை ஓர் இரைதான். புது இடத்தில் பயந்துபோனால் இருட்டு இடுக்கில் புகுந்து மூச்சுக் காட்டாமல் கிடக்கும். உங்கள் குரல் அதன் காதில் நன்றாகவே விழுகிறது. பதிலுக்கு ஒரு ‘மியாவ்’ சொன்னால் நாய்க்கும் இடம் தெரிந்துவிடும், அதனால் வாயைத் திறக்காது. நீங்கள் கை எட்டும் தூரத்தில் நின்றாலும் திறக்காது. நன்றி கெட்ட பூனை என்று திட்டாதீர்கள், அது பயத்தில் உறைந்து கிடக்கிறது. பசி பயத்தை மிஞ்சுவதற்குச் சில நாட்கள் ஆகும். பத்துப் பேர் சேர்ந்து கத்தினால் இன்னும் உள்ளேதான் போகும்.

தொலைந்த 1,210 பூனைகளைப் பற்றி 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. கிடைத்தவற்றில் முக்கால்வாசி, தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தன. வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவை அதைவிடவும் பக்கத்தில். எனவே வாட்ஸ்அப்பில் படம் அனுப்புமுன் சொந்தக் கொல்லையைத் துழாவுங்கள். (கருத்தடை செய்யாத கடுவன் என்றால் கணக்கு வேறு, அது துணை தேடித் தூரம் போகும்.)

வைக்கோல் போரின் அடி, தென்னமட்டைக் குவியல், பரண், ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்து, தொழுவத்துத் தீவனத் தொட்டியின் பின்புறம், சிறுபாலத்துக் குழாய், நிறுத்தி வைத்த காரின் பானட், எல்லாவற்றையும் குனிந்து பாருங்கள். அக்கம்பக்கத்தில் “பூனையைப் பார்த்தீங்களா?” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் வரும். “அண்ணே, மோட்டார் ரூமை ஒரு நிமிஷம் திறந்து காட்டுங்க” என்று கேளுங்கள். வாரம் ஒருமுறை திறக்கும் அறைக்குள் மாட்டிக்கொண்டு தண்ணீரில்லாமல் சாகும் பூனைகள் உண்டு. சுற்றுச்சுவர் இல்லாத கிணறாக இருந்தால், நல்ல வெயிலில் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெளிச்சத்தை உள்ளே திருப்பி, படிக்கல், பொந்து எல்லாம் பாருங்கள். நீங்களே இறங்காதீர்கள், பாழுங்கிணற்றில் விஷவாயு இருக்கும். 101க்குப் போன் செய்தால் தீயணைப்புத் துறையினர் வருவார்கள்.

ஊர் அடங்கியபின், இரவு பதினொன்றுக்கு மேல், வீட்டு ஆள் ஒருவர் மட்டும் போங்கள். காலில் ஷூ கட்டாயம், பாம்பு இருக்கும். டார்ச்சை நெற்றிப்பொட்டோடு ஒட்டிப் பிடியுங்கள். பூனைக் கண்ணில் பட்ட வெளிச்சம் வந்த வழியே திரும்பும், டார்ச் இடுப்பில் இருந்தால் அந்த மினுக்கம் உங்களுக்குத் தெரியாது. புல்லில் சிலந்திக் கண்ணும் மின்னும், ஏமாறாதீர்கள்.

வந்து போகிறதா என்று அறிய, உணவுத் தட்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குச் சலித்த அடுப்புச் சாம்பலைத் தூவுங்கள். நான்கு விரல், நகக் குறியில்லாத உருண்டைத் தடம், சுமார் மூன்று சென்டிமீட்டர் என்றால் பூனை. நகம் பதிந்திருந்தால் நாய். ஐந்து விரல் தெரிந்தால் கீரியோ மரநாயோ. பூனைத் தடம் விழுந்த இடத்தில் கூண்டு வையுங்கள். எலிக் கூண்டு போதாது, முக்கால் மீட்டராவது நீளம் வேண்டும். உள்ளே அது படுத்த துணி, கடைக்கோடியில் வதக்கிய கருவாடு. எறும்பு மொய்த்தால் பூனை நுழையாது, அதனால் கூண்டைச் செங்கல் மேல் ஏற்றி, செங்கலைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். மணிக்கொரு முறை பாருங்கள். மாட்டியதும் துணியால் மூடுங்கள், அடங்கிவிடும். வாசனை பிடித்து வரும் என்று பூனையின் மலத்தொட்டி மண்ணை வாசலில் கொட்டும் யோசனை மட்டும் வேண்டாம், ஊர்க் கடுவன்கள்தான் வந்து கூடும்.

கூண்டில்லாமல் நேரில் கண்டால் பாய்ந்து பிடிக்காதீர்கள். பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள், அதுவாக வரட்டும். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். ‘நம்ம பூனைதானே’ என்று விடாதீர்கள்.

மூன்று நாள் பட்டினி கிடந்த பூனைக்கு, அதிலும் கொழுத்ததற்கு, ஈரலில் கொழுப்பு ஏறும். கிடைத்த அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாக உணவும் கொடுங்கள், பால் வேண்டாம். ஈறு வெளுத்திருந்தால் எலி மருந்தாக இருக்கலாம், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். புழு வைத்த புண்ணில் ஃபினாயில் ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் கொடுக்கவே கொடுக்காதீர்கள், ஒரு மாத்திரையே கொன்றுவிடும்.

அடுத்த முறை ஊருக்குப் போனால், தயவுசெய்து முதல் இரண்டு வாரம் ஒரே அறையில் பூட்டி வையுங்கள். கழுத்தில் எலாஸ்டிக் பட்டை கட்டி அதில் போன் நம்பரை எழுதுங்கள். பூனை கிடைத்த சந்தோஷத்தில் கூண்டை அங்கேயே மறந்துவிடாதீர்கள், திறந்த கூண்டில் வேறோர் உயிர் மாட்டி வெயிலில் செத்துப்போகும்.