இரும்புக்காகக் காத்திருக்கும் கிருமி

கன்னியாகுமரி மாவட்டத்தில் பழையாறு கடலில் கலக்கும் மணக்குடிக் காயலில் நீர் முழு உப்பும் அல்ல, நன்னீரும் அல்ல. ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவே இருக்கும். இத்தகைய நீரைத்தான் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற பாக்டீரியா விரும்புகிறது. காலராக் கிருமிக்கு நெருங்கிய சொந்தம். ஆனால் காலராவைப் போலக் குடலை அல்ல, பெரும்பாலும் காயத்தையும் ரத்தத்தையும் தாக்குவது இது.

வலையில் சிக்கிய கெளுத்தியை விடுவிக்கும்போது முள் விரலில் ஏறுவது நம் மீனவர்களுக்கு அன்றாட நிகழ்வு. கையை உதறிவிட்டு அடுத்த மீனுக்குப் போய்விடுவார்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அபூர்வமாக ஒருவருக்கு மட்டும் இந்தக் கிருமி உள்ளே போய், ஒரே நாளில் கை வீங்கி, ரத்தக் கொப்புளங்கள் கிளம்பி, உயிருக்கே ஆபத்தாகிவிடுகிறது. கிருமி ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

இரும்புதான் காரணம். இந்தக் கிருமி பெருக இரும்பு வேண்டும். வளர்ந்தவர் உடலில் மூன்று, நான்கு கிராம் இரும்பு இருந்தாலும் பெரும்பகுதி சிவப்பணுக்களுக்குள் அடைபட்டிருக்கிறது. ரத்தநீரில் இருக்கும் சொற்ப இரும்பையும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் ஏற்றிக்கொள்கிறது. மூன்றில் இரண்டு இருக்கை காலியாக ஓடும் பஸ் அது. வழியில் நிற்கும் எந்த இரும்பையும் விட்டுவைக்காது. போதாக்குறைக்கு, தொற்று ஏற்பட்டதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, ரத்தத்துக்குள் இரும்பு வரும் வழிகளையும் அடைக்கிறது. கிருமி பட்டினி கிடக்கிறது.

பஸ் நிரம்பிவிட்டால்? 1981இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை சொன்னது. சோதனை எலிகளில் பாதியைக் கொல்லச் சுமார் பத்து லட்சம் கிருமிகள் தேவைப்பட்டன. இரும்பு செலுத்தப்பட்ட எலிகளுக்கு ஏறத்தாழ ஒரே ஒரு கிருமி போதுமானதாக இருந்தது. இந்த எண்ணை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் திகைப்பு குறைவதில்லை. 2015இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஹெப்சிடின் சுரக்காத எலிகள் இத்தொற்றுக்கு எளிதில் பலியாயின. அந்த ஹார்மோனைப் போலச் செயல்படும் மருந்து கொடுத்தபோது பிழைத்தன.

கல்லீரல் தழும்பேறிப்போகும் சிரோசிஸ் நோயாளிகளுக்கு ஆபத்து அதிகம் என்பதற்கு இதுவே முக்கிய விளக்கம். குடியாலோ மஞ்சள் காமாலை வைரஸாலோ கல்லீரல் கெட்டால் ஹெப்சிடின் குறைகிறது, இரும்பு பெருகுகிறது. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிகளின் உடலிலும் இரும்பு மிஞ்சிவிடும். அமெரிக்காவில் வேகவைக்காத சிப்பி தின்று இந்தக் கிருமிக்குப் பலியானவர்கள் உண்டு. குளச்சல் பக்கம் சிப்பியை நன்றாக அவித்தே சாப்பிடுகிறார்கள், நல்ல பழக்கம்.

கல்லீரல் நோய் உள்ளவர் புண்ணோடு காயலில் இறங்கக் கூடாது. முள் குத்திய இடம் சில மணி நேரத்தில் வீங்கி, காய்ச்சலும் வந்தால், உடனே மருத்துவமனைக்குப் போய், கடல்நீர் பட்ட காயம் என்பதையும் கல்லீரல் நோயையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ரத்தத்தில் கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனையின் முடிவு வர ஒரு நாளாவது பிடிக்கும். மருத்துவர்கள் அதற்காகக் காத்திராமல் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கோடு செஃப்ட்ரையாக்ஸோன் போன்ற ஊசியைத் தொடங்குவது இந்தத் தகவலை வைத்துத்தான்.