பத்து விநாடிச் சண்டை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் நிற்கும் நடுகற்களைப் பல ஊர்களில் மக்கள் வேடியப்பன் என்று வணங்குகிறார்கள். தருமபுரி அருங்காட்சியகத்திலும் அப்படிப்பட்ட கற்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. வட்டெழுத்து பொறித்த பழைய கற்களில், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர்த் தொறுவை மீட்டுப் பட்டான் என்று சில வரிகள் மட்டுமே இருக்கும். தொறு என்பது மாட்டு மந்தை. பட்டான் என்றால் மாண்டான். கல்லில் ஒரே ஒருவன் நிற்பான். ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள், மடங்கிய முன்கால், உடம்பில் தைத்த அம்புகள், காலடியில் ஒன்றிரண்டு மாடுகள். எத்தனை பேரோடு பொருதான், முதல் அடி யாருடையது, எத்தனை வெட்டு விழுந்தது என்பதெல்லாம் அதில் கிடையாது. ஆனாலும் அந்தச் சண்டை நம் மனத்தில் முழுமையாக நடந்துவிடுகிறது. அதே சமயம், ஒவ்வொரு அடியையும் ஒவ்வோர் உதையையும் நான்கு பக்கத்துக்கு விவரிக்கும் கதையில் வாசகர் பக்கத்தைத் தள்ளிவிட்டு, யார் ஜெயித்தார் என்று மட்டும் பார்த்துக்கொண்டு போகிறார். இந்த வேறுபாட்டுக்கான காரணம் நடையழகில் மட்டும் இல்லை. சண்டையிடுபவரின் உடலும் வாசிப்பவரின் மூளையும் எந்த வரம்புக்குள் இயங்குகின்றன என்பதில் இருக்கிறது.

முதலில் உடலை எடுத்துக்கொள்வோம். ஆபத்து கண்முன் நிற்கும்போது உடல் தன்னை எப்படி மாற்றிக்கொள்கிறது என்பதை, எதிர்த்து நிற்பதற்கோ ஓடுவதற்கோ செய்யப்படும் ஆயத்தமாக அமெரிக்க உடலியலாளர் வால்ட்டர் கேனன் 1915-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். உடலை அவசரத்துக்கு ஆயத்தப்படுத்தும் பரிவு நரம்புகள் விழித்தெழுகின்றன, சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து அட்ரினலின் இரத்தத்தில் கலக்கிறது, இதயத் துடிப்பு ஏறுகிறது, மூச்சுக்குழாய்கள் விரிகின்றன, தோலுக்கும் குடலுக்கும் போய்க்கொண்டிருந்த இரத்தத்தின் பெரும்பங்கு தொடை, தோள் போன்ற பெரிய தசைகளுக்குத் திருப்பி விடப்படுகிறது. இதனால்தான் வாய் உலர்கிறது, வயிறு பிசைகிறது, விரல் நுனிகள் சில்லிடுகின்றன. ஓங்கி அடிக்கவும் இழுக்கவும் தள்ளவும் உடலுக்கு வலிமை கூடுகிறது. ஆனால் விரல்களின் நுட்பமான வேலை கெட்டுவிடுகிறது. சண்டையின் நடுவே கதாநாயகன் சாவிக்கொத்திலிருந்து சரியான சாவியை நிதானமாகத் தேர்ந்தெடுத்துப் பூட்டைத் திறப்பதாக எழுதினால், அதை நம்புவதற்கு வாசகரின் உடல் மறுத்துவிடுகிறது. சாவி கை நழுவி விழுவதாக எழுதினால், அந்த ஒரு நழுவலிலேயே அச்சம் முழுவதும் வந்துவிடுகிறது.

அடுத்தது எரிபொருள். தசை சுருங்குவதற்கு வேண்டிய ஆற்றல் ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்து வருகிறது. தசையில் அது கொஞ்சமே இருப்பு இருக்கும். தசையிலேயே இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற இன்னொரு சேர்மம் அதை உடனுக்குடன் புதுப்பித்துக் கொடுக்கும். முழு வேகத்தில் இயங்கினால் இந்த இருப்பு ஏறத்தாழ பத்து விநாடிக்குத்தான் வரும். அதன் பிறகு ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸை உடைக்கும் வழி கைகொடுக்கிறது; அதுவும் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் அதே வேகத்தில் நீடிக்காது. தசையில் அமிலத்தன்மை ஏறி, கை கனக்கத் தொடங்கும். ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற்ற குத்துச்சண்டை வீரர்களுக்கே மூன்று நிமிடச் சுற்றுக்கு ஒரு நிமிட ஓய்வு வைத்திருக்கிறார்கள். அந்த மூன்று நிமிடத்திலும் அவர்கள் பெரும்பகுதி நேரம் சுற்றி நடந்துகொண்டும் கட்டிப் பிடித்துக்கொண்டும் மூச்சு வாங்குகிறார்கள். பயிற்சி இல்லாத இருவர் மோதிக்கொண்டால் முதல் பத்து விநாடியில் பெரும்பாலும் எல்லாம் தெரிந்துவிடும். மீதி நேரம் சட்டையைப் பிடித்துக்கொண்டு, வாயால் மூச்சு விட்டபடி, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நிற்பதுதான். அந்தச் சாய்ந்து நிற்றலை எழுதுவதற்கு எழுத்தாளர்கள் தயங்குகிறார்கள். என் கருத்தில், சண்டையின் உண்மையான நெருக்கம் அங்கேதான் இருக்கிறது. எதிரியின் வியர்வை நாற்றமும் நெஞ்சுத் துடிப்பும் அந்த இடத்தில்தான் எட்டும்.

வேகத்தைப் பற்றியும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிறுவயதில் எனக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுத்த வாத்தியார், “கம்பப் பாக்காத, தோளப் பாரு” என்று திரும்பத் திரும்பச் சொல்வார். அது ஏன் சரி என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. கண்ணில் பட்ட ஒன்றுக்கு உடல் அசைந்து பதில் தருவதற்கு ஏறத்தாழ 0.2 விநாடி ஆகும். இப்படியா அப்படியா என்று தேர்ந்தெடுக்கவும் வேண்டியிருந்தால் இன்னும் கூடுதலாகும். ஐந்தடிக் கம்பின் ஒரு முனையைப் பிடித்து விநாடிக்கு இரண்டு சுற்று வீதம் சுழற்றுவதாக வைத்துக்கொண்டால், மறுமுனை விநாடிக்கு 19 மீட்டர் வேகத்தில் போகும். நாம் பார்த்து அசைவதற்குள் அது கிட்டத்தட்ட அரை வட்டம் வந்துவிடும். அதனால் கம்பைப் பார்த்து ஒதுங்குவது என்பது நடக்காத காரியம். தோள் திரும்புவது, இடுப்பு சுழல்வது, முன்கால் சுவடு மாற்றுவது ஆகியவற்றைக் கண்டு, அடி எங்கே வரும் என்று முன்கூட்டியே ஊகித்துத்தான் தேர்ந்தவர்கள் நகர்கிறார்கள். மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்லியாடும் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், கிரிக்கெட் மட்டையாளர்கள் பந்தைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே இருப்பதில்லை, அது தரையில் படப்போகும் இடத்துக்குக் கண்ணை முன்னதாகவே கொண்டுபோய் வைத்துக் காத்திருக்கிறார்கள் என்று காட்டினார்கள். இது சண்டைக் காட்சிக்கு மிகவும் பயன்படும் செய்தி. தேர்ந்த வீரனையும் புதியவனையும் வேறுபடுத்திக் காட்ட வேண்டுமானால், தசை வலிமையைச் சொல்ல வேண்டியதில்லை; இருவரும் எதைப் பார்க்கிறார்கள் என்று சொன்னால் போதும்.

கம்பின் எந்தப் பகுதி படுகிறது என்பதும் முக்கியம். சீரான தடியின் ஒரு முனையைப் பிடித்து அடிக்கும்போது, பிடியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் அடி விழுந்தால் கையில் அதிர்ச்சி தெரிவதில்லை. நுனியில் பட்டால் அடித்தவரின் உள்ளங்கையே சுரீரென்று எரியும், பிடி நழுவவும் கூடும். சுற்றும் தடியில் வேகம் மையத்திலிருந்து உள்ள தூரத்துக்கு ஏற்பக் கூடுவதால், எதிரியின் கைக்கு அருகே போய்விட்டவனுக்கு விழும் அடி மெதுவாகத்தான் விழும். பின்வாங்குபவன் நுனியின் முழு வேகத்தையும் வாங்கிக்கொள்கிறான், முன்னால் பாய்பவன் தப்பிக்கிறான் என்ற இந்த இயற்பியல், கோழையையும் துணிந்தவனையும் பிரித்துக் காட்ட எழுத்தாளருக்குக் கிடைத்த நல்ல கருவி. ஆயுதமும் அடி வாங்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. தகடூரை ஆண்ட அதியமானுக்காகத் தொண்டைமானிடம் போன ஔவையார், புறநானூற்றின் 95-ஆம் பாட்டில் அதைத்தான் சொன்னார். தொண்டைமானின் ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, காவல் மிகுந்த மாளிகையில் இருக்கின்றன. அதியமானுடையவை பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. எந்தப் போரையும் விவரிக்காமல், உடைந்த நுனியை மட்டும் காட்டி எத்தனையோ போர்களை அந்தப் பாட்டு உணர்த்திவிடுகிறது.

இனி, சண்டையிடுபவரின் கண்ணுக்குள் போவோம். கூர்மையான பார்வை நமக்கு எப்போதுமே மிகச் சிறிய வட்டத்தில்தான் இருக்கிறது. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தால் அந்த அளவுதான் அது. ஆபத்து நேரும்போது கவனமும் அந்த வட்டத்துக்குள் சுருங்கிவிடுகிறது. எலிசபெத் லாஃப்டஸும் அவருடைய கூட்டாளிகளும் 1987-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், உணவகத்தில் வாடிக்கையாளர் காசாளரிடம் காசோலையை நீட்டும் படங்களைச் சிலருக்கும், துப்பாக்கியை நீட்டும் படங்களை வேறு சிலருக்கும் காட்டினார்கள். துப்பாக்கியைப் பார்த்தவர்களின் கண் அதன்மேலேயே அதிகம் தங்கியது. அதை வைத்திருந்தவரின் முகத்தை அவர்கள் நினைவில் வைத்திருந்தது குறைவு. ஆகவே, கத்தியோடு நிற்பவனின் மீசையையும் சட்டை நிறத்தையும் காதுக் கடுக்கனையும் கதாபாத்திரத்தின் கண் வழியாக விவரிப்பது உடலியலுக்கு முரணானது. அந்தக் கதாபாத்திரத்துக்குத் தெரிவது கத்தி முனையும், அதைப் பிடித்திருக்கும் விரல்களும்தான்.

காலம் மெதுவாக ஓடுவது போன்ற உணர்வுக்கும் விளக்கம் இருக்கிறது. செஸ் ஸ்டெட்சன், டேவிட் ஈகிள்மன் முதலியோர் 2007-ஆம் ஆண்டு வெளியிட்ட சோதனையில், 31 மீட்டர் உயரத்திலிருந்து வலையில் விழச் செய்யப்பட்டவர்கள், மற்றவர்கள் விழுந்த நேரத்தை விடத் தாங்கள் விழுந்த நேரம் சராசரியாக 36 விழுக்காடு நீண்டதாக மதிப்பிட்டார்கள். ஆனால், விழும்போது மணிக்கட்டில் கட்டிய கருவியில் மிக வேகமாக மாறிக்கொண்டிருந்த எண்களை அவர்களால் படிக்க முடியவில்லை. கண் வேகமாக இயங்கவில்லை. அச்சத்தில் நினைவு அடர்த்தியாகப் பதிந்ததால்தான் பின்னால் நினைக்கும்போது நேரம் நீண்டு தெரிகிறது என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். ஒரு கணத்தை ஒரு பத்திக்கு நீட்டி எழுதுவது, நினைவுகூர்ந்து சொல்லும் கதைக்கு மிகவும் பொருந்துகிறது. சண்டையின் நடுவிலேயே நின்றுகொண்டு சொல்லும் கதையில் வாக்கியங்கள் குறுகத்தான் வேண்டும்.

காயங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் பணியாற்றிய மருத்துவர் ஹென்றி பீச்சர், கடுமையாகக் காயமடைந்த வீரர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் வலி மருந்து வேண்டாம் என்றதை 1946-ஆம் ஆண்டு பதிவு செய்தார். வலி பிந்தி வரலாம். முஷ்டியால் மண்டையில் குத்தினால் மண்டையை விட முஷ்டி உடையவே வாய்ப்பு அதிகம். சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள எலும்பு முறிவதற்கு மருத்துவத்தில் குத்துச்சண்டைக்காரர் முறிவு என்றே பெயர். நெற்றியிலும் தலைத்தோலிலும் சிறிய வெட்டுப் பட்டாலும் இரத்தம் கொட்டிக் கண்ணை மறைக்கும். தலையில் அடித்து ஒருவரை அரை மணி நேரம் மயங்க வைப்பதும், அவர் பிறகு எழுந்து ஒன்றும் நடக்காதது போல் நடப்பதும் கதையில் மட்டுமே உண்டு. அவ்வளவு நேரம் நினைவு திரும்பவில்லை என்றால் மூளை கடுமையாகக் காயப்பட்டிருக்கிறது என்று பொருள்.

வாசகரின் பக்கம் நடப்பது இதைவிட வியப்பானது. நக்குதல், எடுத்தல், உதைத்தல் போன்ற சொற்களை வாசிக்கும்போது, நாக்கையும் விரலையும் காலையும் அசைக்கும் மூளைப் பகுதிகளிலும் அவற்றை ஒட்டியும் முறையே செயல்பாடு கூடுவதை ஓலாஃப் ஹௌக்கும் அவருடைய குழுவினரும் 2004-ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். கதையை வாசிப்பவர்களின் மூளையை நிகோல் ஸ்பியரும் ஜெஃப்ரி ஜாக்ஸும் அவர்களுடைய கூட்டாளிகளும் ஆராய்ந்து 2009-ஆம் ஆண்டு வெளியிட்டபோது, பாத்திரம் ஒரு பொருளைக் கையாளும் இடத்தில் கை அசைவோடு தொடர்புடைய பகுதிகளில் மாற்றம் தெரிந்தது. வாசகர் சண்டையைத் தன் உடலால் ஓரளவு நடித்துப் பார்க்கிறார் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். ஆனால், அவர் மனத்தில் ஒரே நேரத்தில் பிடித்துவைக்கக்கூடியவை ஏறத்தாழ நான்கு என்பது நெல்சன் கவன் 2001-ஆம் ஆண்டு முன்வைத்த மதிப்பீடு. இடது கை, வலது கை, கம்பு, கால், எதிரியின் கை, அவன் திரும்பிய திசை என்று ஆறேழை ஒரே வாக்கியத்தில் அடுக்கும்போது அந்த நடிப்பு கலைந்துபோகிறது.

பாரூர் ஏரிப் பாசனத்தில் ஒரு கிளை வாய்க்கால், முறைத்தண்ணீர் பாயும் இரவு, மடையை மாற்றியதற்காக மோதிக்கொள்ளும் இரண்டு பங்காளிகள் என்று வைத்துக்கொண்டு இதை எழுதிப் பார்க்கலாம். “முனுசாமி வலது கையால் மண்வெட்டியை ஓங்கி வீச, மாதையன் இடப்புறம் குனிந்து தப்பி, வலது காலால் அவன் இடுப்பில் உதைத்து, இடது கையால் காம்பைப் பற்றினான்” என்று நான் முதலில் எழுதினேன். நான்கு முறை படித்தும் எனக்கே உருவம் தெளியவில்லை. பிறகு இப்படி மாற்றினேன்:

முனுசாமியின் தோள் உயர்ந்தது. பின்னால் போக வழியில்லை. வரப்பு ஒரு முழம்தான். மாதையன் முன்னால் விழுந்தான். தகடு தலைக்குப் பின்னால் போயிற்று, காம்பு முதுகில் விழுந்தது. “டேய், விடுடா” என்ற குரல் தன்னுடையதா அவனுடையதா என்று தெரியவில்லை. இருவரும் சேற்றில் கிடந்தார்கள். யாருக்கும் எழ மூச்சில்லை.

முன்னால் விழுந்தவனுக்குக் காம்புதான் பட்டது என்பதில் மேலே சொன்ன வட்ட இயக்கம் இருக்கிறது. தோள், வரப்பு, தகடு என்று வாசகர் ஒவ்வொரு நேரமும் ஒன்றையே பிடித்துக்கொள்கிறார். மூச்சில்லாத முடிவு பத்து விநாடிக் கணக்கிலிருந்து வந்தது. காட்சி இதோடு முடிந்துவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம், ஏனென்றால் இரத்தத்தில் அட்ரினலின் வடிவதற்குச் சில நிமிடங்கள் ஆகும், அந்த நிமிடங்களில்தான் உடல் நடந்ததை ஒப்புக்கொள்கிறது. மாதையன் அவிழ்ந்த வேட்டியைக் கட்ட மூன்று முறை முயல்கிறான், விரல்கள் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்த பிறகுதான் முதுகு வலிக்கத் தொடங்குகிறது. “எவ்வளவு நேரமா அடிச்சிக்கிட்டீங்க?” என்று மனைவி கேட்கிறாள். “அரை மணி நேரம் இருக்கும்” என்கிறான், பொய் சொல்லவில்லை. அவள் விளக்கை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்ப் பார்க்கும்போது, சண்டை தொடங்கியபோது திறந்துவிட்ட தண்ணீர் இன்னும் முதல் பாத்தியைத் தாண்டியிருக்கவில்லை.