பஜ்ஜியைச் சுற்றி வெள்ளைக் கோடு ஏன் வந்தது?

நானும் தங்கையும் திருவான்மியூர் வீட்டு மாடியில் உட்கார்ந்து ஒரு சின்ன மொபைல் கேம் செய்கிறோம், மெரினாவில் சுண்டல் கடை நடத்தும் கேம். வரைவது அவள், புரோகிராம் எழுதுவது நான். சுண்டல் பொட்டலம், மிளகாய் பஜ்ஜி, மாங்காய் பத்தை, ராட்டினம் என்று இதுவரை 180 ஐகான் ஆகிவிட்டது. ஒவ்வொன்றும் 256க்கு 256 பிக்சல், கேமுக்கு வேண்டியதோ 64க்கு 64. ஒவ்வொன்றாகத் திறந்து சுருக்கி சேவ் செய்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போய்விடும், அதனால் எல்லாவற்றையும் மொத்தமாகச் சுருக்க நானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். சில நொடிகளில் வேலை முடிந்தது. ஆனால் இரவுக் கடற்கரைப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு பஜ்ஜியைச் சுற்றியும் மெல்லிய வெள்ளைக் கோடு.

கம்ப்யூட்டருக்கு பஜ்ஜியும் தெரியாது, ராட்டினமும் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண்கள்தான். ஒரு பிக்சலுக்கு நான்கு எண்: சிவப்பு, பச்சை, நீலம், அப்புறம் ஆல்ஃபா. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. ஆல்ஃபா 255 என்றால் பிக்சல் முழுசாகத் தெரியும், 0 என்றால் தெரியவே தெரியாது. எங்கள் 180 படத்திலும் சேர்த்து 1 கோடியே 17 லட்சத்துக்கு மேல் பிக்சல்கள், அத்தனைக்கும் ஒரே கணக்கைப் போடுவதுதான் மொத்தமாகத் திருத்துவது. கணக்கில் ஒரு தப்பு இருந்தால் 180 படத்திலும் அதே தப்பு வரும்.

256ஐ 64 ஆக்கும்போது 16 பிக்சல் சேர்ந்து ஒன்றாகிறது, அதற்கு சராசரி எடுக்கிறோம். பஜ்ஜியின் நடுவில் பிரச்சினை இல்லை. ஓரத்தில்தான் சிக்கல். ஆல்ஃபா 0 ஆக இருக்கும் பிக்சல் கண்ணுக்குத் தெரியாதே தவிர, அதன் மற்ற மூன்று எண்களும் ஃபைலுக்குள் அப்படியே இருக்கும். எங்கள் படங்களைச் சேமித்திருக்கும் பிஎன்ஜி வகை ஃபைல் நிறத்தையும் ஆல்ஃபாவையும் தனித்தனியாகத்தான் வைத்துக்கொள்கிறது. தங்கை வெள்ளைப் பின்னணியில் வரைந்துவிட்டுப் பின்னணியை நீக்கியிருந்தாள், அங்கே ஆல்ஃபா மட்டும் 0 ஆகியிருந்தது, 255, 255, 255 என்ற வெள்ளை அடியில் ஒளிந்திருந்தது.

இரண்டே பிக்சலை எடுத்துக்கொள்வோம். ஒன்று பஜ்ஜி: 220, 120, 20, முழு ஆல்ஃபா. பக்கத்தில் ஒளிந்திருக்கும் வெள்ளை. நேராக சராசரி எடுத்தால் ஏறக்குறைய 238, 188, 138, பாதி ஆல்ஃபா. யாருமே வரையாத ஒரு வெளிறிய நிறம் ஓரத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது! ஒளிந்திருப்பது கறுப்பாக இருந்தால் இதே கணக்கில் அழுக்கு மாதிரி ஒரு ஓரம் வரும்.

இதற்கான வழி ரொம்ப அழகானது. சராசரிக்கு முன்பே ஒவ்வொரு நிறத்தையும் அதன் ஆல்ஃபாவால் பெருக்கிவிட வேண்டும், முழு ஆல்ஃபாவான 255ஐ 1 என்று வைத்துக்கொண்டு. பஜ்ஜி பிக்சல் அப்படியே நிற்கும், ஒளிந்த வெள்ளை பூஜ்ஜியத்தால் பெருக்கப்பட்டு 0, 0, 0 ஆகிவிடும். சராசரி 110, 60, 10, ஆல்ஃபா பாதி. இப்போது அந்தப் பாதியால் வகுத்தால் மறுபடி 220, 120, 20. அசல் பஜ்ஜி நிறம், பாதி தெரிகிற மாதிரி. லூகாஸ்ஃபிலிம் சினிமா நிறுவனத்தில் வேலை பார்த்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் 1984இல் எழுதிய கட்டுரையில் படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைக்கும் கணக்கை இப்படி முன்கூட்டியே பெருக்கிய நிறங்களை வைத்துத்தான் செய்தார்கள். இமேஜ்மேஜிக் மாதிரி படம் திருத்தும் கருவிகள் சுருக்கும்போது ஆல்ஃபாவையும் கணக்கில் சேர்த்துக்கொள்கின்றன, நான் சொந்தமாக எழுதியதில்தான் அந்தப் பெருக்கல் விட்டுப்போயிருந்தது. திரையில் வரையும்போது கிராஃபிக்ஸ் சிப்பும் பக்கத்துப் பிக்சல்களைக் கலக்கும் என்பதால், கேம் உருவாக்கும் மென்பொருளான கோடோவில் ‘ஃபிக்ஸ் ஆல்ஃபா பார்டர்’ என்றே ஒரு வசதி இருக்கிறது. ஒளிந்திருக்கும் பிக்சலுக்குப் பக்கத்து நிறத்தையே அது பூசிவிடும்.

கட்டம் கட்டமாக வரையும் பிக்சல் ஆர்ட் என்றால் கதை வேறு. அங்கே சராசரியே கூடாது, அருகில் உள்ள பிக்சலை அப்படியே எடுக்க வேண்டும், அதையும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று முழு எண்ணில்தான் பெரிதாக்க வேண்டும். 32ஐ 48 ஆக்கினால் ஒரு பிக்சல் ஒற்றையாகவும் அடுத்தது இரட்டையாகவும் விழுந்து, நெசவு தவறிய மெட்ராஸ் செக் லுங்கி மாதிரி ஆகிவிடும்.

ஒரு எச்சரிக்கை: படங்களை மொத்தமாகத் திருத்தும் இமேஜ்மேஜிக்கின் மோக்ரிஃபை கமாண்ட், வேறு ஃபோல்டர் சொல்லாவிட்டால் அசல் ஃபைல் மேலேயே எழுதிவிடும். முதலில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, சுருக்கியதை எல்லாம் 1024க்கு 1024 அளவுள்ள ஒரே ஷீட்டில் அடுக்கினோம். படத்துக்குப் படம் ஃபைல் மாறாமல் கிராஃபிக்ஸ் சிப் ஒரே மூச்சில் வரைந்துவிடும். ஒட்டி ஒட்டி வைத்தால் பக்கத்து ஐகானின் நிறம் ஓரத்தில் கசியும், அதனால் ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கமும் 2 பிக்சல் இடைவெளி விட்டோம். ஒரு கட்டம் 68 பிக்சல், வரிசைக்கு 15, மொத்தம் 225 கட்டம். மீதி 45 கட்டம் காலியாக இருக்கிறது, வறுத்த மீன் வகைகளைத் தங்கை இன்னும் வரையவில்லை.